கிற்றார் டியூனிங் கீ மாற்றிய அனுபவம்: வாங்குவதற்கு முன் துளையை அளந்து பாருங்கள்

(வெள்ளவத்தையிலிருந்து)

கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, ஃபேன், சைக்கிள் செயின் என்று எல்லாவற்றையும் தின்றுவிடும். எங்கள் வீட்டில் அண்ணாவின் எலெக்ட்ரிக் கிற்றாரையும் அது விடவில்லை. 2022 இல் கனடாவுக்குப் போகும்போது அண்ணா என்னிடம் விட்டுப்போன கிற்றார் அது. கம்பியை இறுக்கிச் சுருதி கூட்டுகிற ஆறு டியூனிங் கீயும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும் வகை.

போன வருடம் பெட்டியைத் திறந்து பார்த்தால், மூன்றாவது கம்பியின் கீயைக் கால் சுற்றுத் திருப்பியும் சுருதி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்ப, ஒரேயடியாக ஏறியது. அம்மா வீணை வாசிப்பார். வீணையில் பிரடை வெறும் உராய்வில்தான் நிற்கும், வழுக்கினால் சுண்ணக்கட்டி தடவுவார். கிற்றார் கீ அப்படியில்லை. தண்டில் புரி வெட்டியிருக்கும், அந்தப் புரி ஒரு பல்சக்கரத்தைத் தள்ளும். 14:1 என்றால் கீயை 14 முறை திருப்பினால்தான் கம்பி சுற்றும் தூண் ஒரு முறை சுற்றும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் சக்கரத்தால் புரியைப் பின்னுக்குத் திருப்ப முடியாது. எங்களுடையதில் பல் தேய்ந்து, இடையில் வெறுமையாக ஆடியது. அதற்கு எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இங்கேதான் அவசரப்பட்டேன். ஒன்லைனில் படத்தைப் பார்த்து ஒரு செட் எடுத்தேன். வந்து சேர்ந்தது பக்கத்துக்கு மூன்று பூட்டுகிற வகை. மூன்று இடது, மூன்று வலது. என் கிற்றாரில் மூன்று கீ எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டிய அந்தக் காலத்துக்குப் பிறகு இப்படிச் சாமான்களை இரண்டாம் முறை வாங்குவது எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணாவிடம் சொன்னேன். மாமா ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வரும்போது, அவர் கையில் சரியான வரிசைக் கீயைக் கொடுத்துவிட்டார். ஜப்பானின் கோட்டோ செய்தது, நல்ல கனம்.

பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தால் உள்ளே போகவில்லை. அப்போதுதான் புறக்கோட்டையில் ஒரு வேர்னியர் (நுணுக்கமாக அளக்கிற அளவுகோல்) வாங்கி அளந்தேன். என் கிற்றாரின் தலையில் கீ நுழைகிற துளை 8.7 மில்லிமீற்றர். பழைய பாணிக் கீகளுக்கு இந்த அளவுதான் வரும், மேலே ஒரு சின்னக் குழலை அழுத்தி இறக்கியிருப்பார்கள். இப்போதைய கீகளில் பெரும்பாலானவற்றுக்கு 10 மில்லிமீற்றர் வேண்டும், மேலேயிருந்து ஒரு அறுகோணத் துண்டைத் திருகி இறுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு கீயை மட்டும் கழற்றி அளந்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

ட்ரில் போட்டுப் பெருப்பிக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் மாட்டேன் என்று நின்றேன். ஏற்கெனவே இருக்கும் துளையில் ட்ரில் பிட் கடித்து இழுத்தால் வார்னிஷ் சில்லுச் சில்லாகக் கிளம்பும். துளையைச் சுரண்டிப் பெருப்பிக்கிற கூம்பு வடிவ ரீமர் ஒன்று வாங்கினேன். துளையைச் சுற்றி டேப் ஒட்டி, கையால் மெதுவாகத் திருப்பி, முன் பக்கம் பாதி, பின் பக்கம் பாதி. ஒரே பக்கத்தால் போனால் ஒரு வாய் அகன்றுபோகும். நாலு சுற்றுக்கு ஒரு தரம் கீயை வைத்து வைத்துப் பார்த்தேன். ஆறு துளைக்கும் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. மேப்பிள் மரத்தூள் மாவு மாதிரி மடியில் விழுந்துகொண்டிருந்தது.

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பின்னால் ஒவ்வொரு கீயையும் ஆடாமல் பிடிக்க ஒரு குட்டித் திருகாணி இருக்கிறது. மேப்பிள் கல்லு மாதிரி இறுகிய மரம். முன்துளை போடாமல் திருகினேன். ஐந்தாவது திருகாணியின் தலை என் கையிலேயே டக் என்று முறிந்தது. உடம்பு மரத்துக்குள். அன்றிரவு நித்திரை இல்லை.

காப்பாற்றியவர் செட்டியார் தெருவில் நகை வேலை செய்கிற ஒரு ஐயா. கிற்றாரைத் தொட்டதே இல்லை என்றார். பேனா முனை அளவு இரும்புக் குழல் ஒன்றை எடுத்து, அதன் வாயில் அரத்தால் ஐந்தாறு பல் வெட்டினார். அதைக் கைட்ரில்லில் பூட்டி, முறிந்த ஆணியைச் சுற்றி வட்டமாக மரத்தை அறுத்தார். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணி மரத்தோடு சேர்ந்து ஒரு சின்ன உருளையாக வந்துவிட்டது. வந்த துளைக்கு மரக்குச்சி செதுக்கி, மரப்பசை வைத்து அடைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார், தேநீர் மட்டும் குடித்தோம்.

மறுநாள் 1.5 மில்லிமீற்றர் பிட்டால் முன்துளை போட்டேன். பிட் ஆழமாகப் போய்விடாதபடி அதில் டேப் சுற்றிக்கொண்டேன். ஆணியின் புரியில் மெழுகுதிரியைத் தேய்த்ததும் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. இந்த ஊர் ஈரக் காற்றுக்குச் சோப்பை விட மெழுகுதான் நல்லது, சோப்பு ஈரத்தை இழுத்து ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும்.

(கொட்டாஞ்சேனையிலிருந்து)

வணக்கம் தம்பி. வாசிக்க எனக்கே நெஞ்சு இடித்தது. நான் கோவில் பாடற்குழுவில் 20 வருடமாக வாசிக்கிறேன். என் கதை வேறு. பூசை நடுவில் சுருதி போகிறது என்று கீ முழுவதையும் மாற்றினேன். மாற்றியும் அதே கதை. கீயில் பிழையே இல்லை, பிழை நட்டில். போல்ட் நட்டைச் சொல்லவில்லை, கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் படிந்து போகிற வெள்ளைத் துண்டைச் சொல்கிறேன். அதன் காடியில், அதாவது கம்பி படிகிற பள்ளத்தில், கம்பி சிக்கி நிற்கும், பிறகு வழுக்கும். சுருதி ஏற்றும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் அதுதான்.

சோதிக்க இலகு வழி ஒன்று இருக்கிறது. சுருதி சரியாக வைத்துவிட்டு, நட்டுக்கும் கீக்கும் இடையில் கம்பியை விரலால் அழுத்தி விடுங்கள். சுருதி ஏறி அங்கேயே நின்றால் காடிதான் பிடிக்கிறது. நான் கம்பியைத் தளர்த்தி, காடியில் பென்சில் முனையைத் தேய்த்தேன். பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. மிச்சத்துக்குக் காடியை மெல்ல அராவ வேண்டியிருந்தது. கீ வாங்கப் போகிற பிள்ளைகள் முதலில் இதைப் பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

(தெஹிவளையிலிருந்து)

அண்ணா, நீங்கள் மாட்டேன் என்று நின்ற வேலையை நான் செய்தேன். ட்ரில். முதல் துளையிலேயே கறுப்பு வார்னிஷ் நகம் அளவுக்குப் பெயர்ந்து வந்தது. கீயின் வாசர் அதில் பாதியை மறைக்கிறது, மிச்சம் இன்றைக்கும் தெரியும். மற்ற ஐந்தையும் தொடவில்லை. அப்பாவின் கிற்றார் அது, அவரிடம் சொல்லவே ஒரு கிழமை எடுத்தது.

இப்போது ஒரு துளை 10, மற்றவை 8.8. பழைய பாணிக் கீ வாங்கி, பெரிதாகிவிட்ட துளைக்கு மட்டும் அடாப்டர் குழல் போடலாமா? அல்லது எல்லாவற்றையும் 10 ஆக்கவா?

(வெள்ளவத்தையிலிருந்து)

கொட்டாஞ்சேனை அண்ணா, நேற்றே பென்சில் போட்டுப் பார்த்தேன். என் இரண்டாவது கம்பியிலும் அந்த 'டிங்' இருந்தது, நின்றுவிட்டது. நன்றி.

தங்கச்சி, அப்பாவின் கிற்றார் என்றால் மிச்ச ஐந்து துளையையும் பெருப்பிக்க வேண்டாம். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. பழைய பாணிக் கீயும் ஒரு அடாப்டரும் போதும். 10 மில்லிமீற்றர் துளைக்கு அந்தக் குழல் கிடைக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் கீயின் தூண் தடிப்பையும் குழலின் உள் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேர்னியர் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.