யாரும் பேசாத ஜாஸ் ஆட்கள்: உங்கள் ஆள் யார்?

டத்தோ கிராமட் டெனர் (பினாங்கு)

போன ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட்டில் ஒரு ரெக்கார்டு கிடைத்தது. அதை வைத்துத்தான் இந்தக் கேள்வி.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். லோரோங் கூலிட் என்பது சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிக் காலையில் கூடும் பழைய சாமான் சந்தை. துருப்பிடித்த ஸ்பானர், மூடி தொலைந்த ரைஸ் குக்கர், யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே தார்ப்பாயில் கிடக்கும். ஒரு சீனக் கிழவர் மைலோ பெட்டியில் ரெக்கார்டுகளை அடுக்கி வைத்திருந்தார். தெரேசா தெங், கிறிஸ்துமஸ் பாட்டு, பி. ரம்லி, திரும்பவும் தெரேசா தெங். அதற்குள் ஜப்பானிய எழுத்து போட்ட ஓர் அட்டை. உருவிப் பார்த்தால் டீனா ப்ரூக்ஸின் 'ட்ரூ ப்ளூ'. கை நடுங்கிவிட்டது. கிழவர் 40 வெள்ளி என்றார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அட்டை ஓரத்துத் தண்ணீர்க்கறையைக் காட்டி 25க்கு முடித்தேன். பக்கத்தில் நின்ற பையன் "யார் அங்கிள் இது?" என்று கேட்டான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கையில் இருந்த ரொட்டி சானாய் ஆறிப்போனது.

டீனா என்றதும் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் பெயர் ஹெரால்ட். பொடியனாக இருந்தபோது 'டீனி' என்று கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. டெனர் சாக்ஸபோன்காரர். 1960 ஜூன் மாதத்தில் ஆறு நாள் இடைவெளியில் இரண்டு ரெக்கார்டிங். முதலாவது ஃப்ரெடி ஹப்பர்ட் என்ற 22 வயது ட்ரம்பெட் பையனின் முதல் ஆல்பம். அதன் தலைப்புப் பாட்டையே எழுதிக் கொடுத்தவர் டீனா. அடுத்தது டீனாவின் இந்த 'ட்ரூ ப்ளூ', அதில் ஹப்பர்ட் வந்து வாசித்தார். அதே கம்பெனி, அதே ஸ்டூடியோ. ஹப்பர்டை இன்று ஜாஸ் கேட்கும் எல்லோருக்கும் தெரியும். டீனாவின் பெயரில் நான்கு முறை பதிவு செய்தார்கள், அவர் உயிரோடு இருந்தபோது கடைக்கு வந்தது இந்த ஒன்றுதான். இன்னொன்றுக்கு கேட்டலாக் நம்பர் வரை கொடுத்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். போதைப் பழக்கம் உடம்பைத் தின்று, 1974இல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அப்படி என்ன வாசித்தார்? சத்தம் போட மாட்டார். வேலி மேல் சாய்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுபோல ஆரம்பிப்பார். பேச்சு போகிற போக்கில் வீட்டுக் கஷ்டம் முழுவதும் வெளியே வந்துவிடும். எந்த இடத்தில் மூச்சு விட்டார் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதே ரெக்கார்டில் பியானோ ட்யூக் ஜோர்டன். 1947இல் ஜாஸ் மேதை சார்லி பார்க்கரோடு வாசித்த மனிதர், பிற்பாடு நியூயார்க்கில் டாக்சி ஓட்டினார். நம்மூரில் கிராப் ஓட்டும் கீபோர்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஒருவர் என் மச்சான்.

முப்பது வருடமாக நான் சாப்பிடும் ஒரு நாசி கண்டார் கடை உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே வரிசை நீளம். பலகையில் முதலாளி பெயர். ருசி மட்டும் குழம்பு ஊற்றுகிறவர் கையில். மீன் குழம்பு எவ்வளவு, கோழிக் குழம்பு எவ்வளவு, கடைசியாக அந்தக் கறுப்புக் குழம்பு ஒரு கரண்டியா அரைக் கரண்டியா, எதன் மேல் எது விழ வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போயிருந்த மாதம் அதே அண்டா, அதே குழம்பு, சாப்பாடு மட்டும் வேறு. ஜாஸில் நான் தேடிப் போவது இந்தக் கரண்டிக்காரர்களைத்தான்.

மைல்ஸ், கோல்ட்ரேன் மாதிரிப் பெரிய பெயர்கள் வேண்டாம். அவர்களுக்குப் பலகை இருக்கிறது. உங்கள் கரண்டிக்காரர் யார்? எங்கே, என்ன வேலையாக இருந்தபோது கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். லிங்க் மட்டும் போட்டுவிட்டு ஓடக்கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிவீடு (கோலாலம்பூர்)

அங்கிள், படித்ததும் பசி வந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி. கரண்டி பிடித்தவர்கள் எல்லாம் ஆம்பளைகளா?

என் ஆள் மெல்பா லிஸ்டன். ட்ரோம்போன் வாசித்தவர், அதைவிட முக்கியமாக மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர். 1940களில் பெரிய பேண்டுகளில் ட்ரோம்போன் வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதே அதிசயம். 1956இல் டிஸ்ஸி கில்லெஸ்பி குழு அமெரிக்க அரசு செலவில் வெளிநாட்டுப் பயணம் போனபோது இவரும் போனார். பியானோக்காரர் ரேண்டி வெஸ்டனின் பெரிய ஆல்பங்களில் பித்தளை வாத்தியங்கள் அலை அலையாக எழும் பாருங்கள், அந்த அலை மெல்பாவின் பேனாவிலிருந்து வந்தது. 1985இல் பக்கவாதம் வந்து வாசிக்க முடியாமல் போனது. அப்புறம் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எழுதினார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு, எல்லோரும் போன பிறகு, ஏர்கோன் அணைந்த ஆபீசில் கேட்பது இவரைத்தான்.

இன்னொருவர் டோரதி ஆஷ்பி. ஹார்ப்! ஏதோ தேவதை சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். 1968இல் வந்த 'ஆஃப்ரோ ஹார்ப்பிங்' ஆல்பத்தைப் போட்டுவிட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து "என்னடி, வீணைக்கு ட்ரம்ஸா?" என்றார். அதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை. ஸ்டீவி வொண்டரின் 1976 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு ஹார்ப் மட்டும்தான் பக்கவாத்தியம். வாசித்தவர் இவர். கோடிப் பேர் அவர் விரலைக் கேட்டிருப்பார்கள், பெயர் தெரியாமல்.

நம் நாட்டில் யார் என்று கேட்டால் லூயிஸ் பிரகாசம். ஏசியாபீட் குழுவை உருவாக்கிய ட்ரம்ஸ்காரர். நம் வட்டாரத்துத் தாளங்களையும் ஜப்பானியப் புல்லாங்குழலையும் ஜாஸோடு உட்கார வைத்தவர். என் வயதுப் பிள்ளைகளிடம் பெயர் சொன்னால் "எந்த டிவி சீரியல்?" என்கிறார்கள்.

டத்தோ கிராமட் டெனர்

தங்கச்சி, தப்புத்தான். மெல்பாவை நான்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

"வீணைக்கு ட்ரம்ஸா" என்றதும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை. ராத்திரி சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஜாஸ் நிகழ்ச்சி கேட்பார். 1955இல் ஆரம்பித்த நிகழ்ச்சி, நடத்தியவர் வில்லிஸ் கானோவர். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசுவார். "இவன் ஒருத்தன்தான்டா எனக்குப் புரியிற மாதிரி இங்கிலீஷ் பேசுறான்" என்பார் அப்பா. அந்த வானொலியை அமெரிக்காவுக்குள்ளேயே ஒலிபரப்பக்கூடாது என்று அந்தக் காலத்தில் அவர்கள் சட்டம் இருந்தது. அதனால் ஜார்ஜ்டவுனில் என் அப்பாவுக்குத் தெரிந்த மனிதரை நியூயார்க்கில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. கானோவர் 1996இல் இறந்தார்.

நிகழ்ச்சியின் தொடக்க இசை எலிங்டன் பேண்டு வாசித்த 'டேக் த ஏ ட்ரெயின்'. அதை எலிங்டன் எழுதினார் என்றே அப்பா கடைசி வரை நினைத்திருந்தார். எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். எனக்கு அது தெரிந்தபோது அப்பா இல்லை.

சொல்லுக்கட்டு (பட்டர்வொர்த்)

அண்ணே, மிருதங்கக்காரன் வரலாமா?

இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழு என்றால் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் என்று நான்கு பெயர் எல்லோரும் சொல்வார்கள். 1975இல் ஒரு கல்லூரி மேடையில் பதிவாகி மறு வருடம் வந்த முதல் ஆல்பத்தில் ஐந்தாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ராம்நாட் ராகவன், மிருதங்கம். அடுத்த ஆல்பத்தில் இல்லை. கிதாரும் வயலினும் தலைதெறிக்க ஓடும்போது காது அங்கேதான் போகும். ஹெட்போன் போட்டுக்கொண்டு கீழே கேளுங்கள், அவர் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் கனத்த சத்தம் வரும் பக்கம், ஒரே சீராக நடந்துகொண்டிருக்கும். ஃபெரியில் மோட்டாரோடு நிற்கிற நேரம் எனக்கு அதற்குத்தான் ஒதுக்கீடு. எஞ்சின் சத்தத்தில் மற்ற எல்லாம் அடங்கிவிடும், தொப்பி மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று. 1958இல் டேவ் ப்ரூபெக் குழு இந்தியா வந்தபோது மதராசில் அவருடைய ட்ரம்ஸ்காரர் ஜோ மோரெல்லோ, நம் பழனி சுப்ரமணிய பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்தார். இடக்கை வாசிப்புக்குப் பெயர்போன பழனி! மறு வருடம் ப்ரூபெக் குழு ஐந்து எண்ணிக்கையில் ஒரு பாட்டைப் போட்டு உலகமே "அடேயப்பா" என்றது. அது பழனியிடமிருந்து வந்தது என்று நான் கிளப்பிவிடப் போவதில்லை, வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அதைச் செய்ய ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐந்தை எண்ணி வியந்ததைப் படிக்கும்போது சிரிப்பு வரும். தைப்பூசத்துக்குத் தண்ணிமலை ஏறும் உருமி மேளப் பையனிடம் கண்டம், அதாவது அதே ஐந்து எண்ணிக்கை, கேட்டால் நடந்துகொண்டே அடிப்பான்.

டத்தோ கிராமட் டெனர்

தம்பி, சக்தி ஜாஸா இல்லையா என்று வேறு நாள் சண்டை போடலாம். ராகவனை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உருமிப் பையன் நடந்துகொண்டே கண்டம் அடிப்பான் என்றால், ட்ரம்ஸில் ஸ்விங் வருமா? அந்தச் சாய்வு இருக்கிறதே, எண்ணிக்கையில் வராது.

சும்மா வந்தவன்

ஜாஸ் என்றால் ஹோட்டல் லிஃப்டில் ஓடுவதுதானே? என் ஓட்டு எங்கள் தாமான் கல்யாண மண்டபத்தில் சாக்ஸபோன் வாசித்த அண்ணனுக்கு. சாப்பாட்டு வரிசை மும்முரத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் கை தட்டினேன். கையில் அப்பளம் இருந்தது.

சொல்லுக்கட்டு

சிரிக்காதே பாஸ், அந்த வாத்தியம் நம் மண்டபத்துக்கு வந்ததில் கத்ரி கோபால்நாத்துக்குப் பெரிய பங்கு. 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டியோடு மேடையேறியவர் அவர். அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை தட்டு.

மூன்று கட்டை

தம்பிமார்களுக்கு வணக்கம். எனக்கு 74 வயது. மெதுவாகத்தான் தட்டுவேன்.

டெனர் தம்பி அவர் ஊர்க்காரரையே மறந்துவிட்டார். ஜிம்மி பாய்ல், 1922இல் பினாங்கில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் நாம் நின்று பாடிய 'புத்ரா புத்ரி' அவர் எழுதியது. மெட்டு போட்டது தேசபக்திக்கு, விரல் வளர்ந்தது ஜாஸ் பியானோவில். நான் மேடையேறும் முன்பே, 1971இல், போய்விட்டார். அல்ஃபோன்சோ சோலியானோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1961இல் வானொலி இசைக்குழு அமைந்தபோது முதலில் நடத்தியவர். அவரும் ஜாஸ்காரர்தான். நாடு முழுக்கக் கேட்ட இசை, யார் கை அசைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் எழுபதுகளின் கடைசியில் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வாசித்தேன். பெயர் வேண்டாம். கடற்காற்றில் பியானோ ஊறிப்போய் மேல் ஸ்தாயியில் மூன்று கட்டை அமுக்கினால் எழும்பாது. முதல் வாரம் விரலால் தூக்கிவிட்டுக்கொண்டே வாசித்தேன். அப்புறம் அந்த மூன்றையும் தொடாமல் சுற்றிப் போகப் பழகினேன். மேலே ஏறி, ஓட்டை வருகிற இடத்தில் சட்டென்று திரும்பிக் கீழே இறங்குவது. ஒரு ஆஸ்திரேலியப் பயணி என்னிடம் வந்து, உங்கள் பாணி தனியாக இருக்கிறது என்று கை கொடுத்தார். பின்னால் நல்ல பியானோ கிடைத்தபோதும் கை அப்படியே திரும்பியது. இன்னும் திரும்புகிறது.

அந்த ஹோட்டலில் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கடைசியில் பணத்துக்குப் பதில் பியானோவை எடுத்துக்கொள் என்றார்கள். லாரி வாடகை அதைவிட அதிகம்.

எங்கள் குழுவில் பாஸ் வாசித்தவர்தான் என் கரண்டிக்காரர். மாதா கோயில் பாடகர் குழுவில் கற்றது, நொட்டேஷன் படிக்கத் தெரியாது. நான் கட்டைக்காகச் சட்டென்று திரும்பும்போதெல்லாம் எனக்கு முன்பே திரும்பிக் காத்திருப்பார். எப்படித் தெரிந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. போட்டோ ஒன்று இருக்கிறது. ஏற்றத் தெரியவில்லை, பேத்தி சனிக்கிழமை வருவாள்.

டத்தோ கிராமட் டெனர்

ஐயா, ஜிம்மி பாய்லை விட்டதற்குக் காது திருகலாம். இந்த ஒரு பதிலுக்காகவே கேள்வி கேட்டது சரியாகப் போயிற்று. சனிக்கிழமை கட்டாயம் போட்டோவைப் போடுங்கள். அந்த பாஸ்காரர் பெயர் என்ன? எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன்.

மூன்று கட்டை

அதைத்தான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன் தம்பி. நான்கு வருடம் பக்கத்தில் நின்று வாசித்தார். எல்லோரும் 'அண்ணே' என்றே கூப்பிட்டுவிட்டோம். அவர் தங்கச்சி பட்டர்வொர்த் பக்கம் பிறையில் இருந்தார். கேட்டுப் பார்க்கிறேன்.