ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடை தசை) 8 மாசத்துல 3 தடவ போயிருச்சு, ஜிம் போயும் ஏன் இப்படி? உதவுங்க

லெஃப்ட்விங்_23:
வணக்கம் நண்பர்களே. வயசு 23, எடை 66 கிலோ, கன்னியாகுமரி பக்கம். ஃபுட்பால் லீக்ல லெஃப்ட் விங், சீசன் இல்லாதப்ப ஞாயித்துக்கிழமை செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்). டிஃபெண்டர் தோள வெச்சு ஒரு இடி இடிச்சா விழுந்துடுறேன்னுதான் போன வருஷம் ஜிம் சேர்ந்தேன். வாரம் 4 நாள், வெள்ளி லெக் டே. லெக் பிரஸ் 180 கிலோ வரைக்கும் போடுறேன், அப்புறம் லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல், எல்லாம் 4 செட், செட்டுக்கு 15 ரெப் (தடவ), கடைசி செட்டுல கால் நடுங்கணும்னு மாஸ்டர் சொல்லுவார். தொடை நல்லா ஏறிருச்சு, ஆனா செகண்ட் ஹாஃப்ல பந்த தள்ளிவிட்டு ஓடுனேன்னா வலது பின்தொடையில சுருக்குன்னு ஒரு இழுப்பு, அதோட வெளிய. இதோட மூணாவது தடவ. கடைசியா இழுத்து 5 வாரம் ஆச்சு, நடக்க ஒண்ணும் இல்ல. ஜிம்ம விட்டுடவா?

மிட்நைட்_டர்ஃப்:
ப்ரோ ஹாம்ஸ்ட்ரிங் வீக்கா இருக்கு அவ்ளோதான், லெக் கர்ல் வெயிட்ட ஏத்துங்க. நரம்பு இழுத்த இடத்துல எண்ணெய் தேச்சு நல்லா உருவிவிடுங்க.

பழைய_ஸ்டாப்பர்:
எண்ணெய் போட்டு உருவுனதுலதான் எனக்கு ரெண்டு வாரத்துல ஆறவேண்டியது ரெண்டு மாசம் ஆச்சு. அது நரம்பு இல்ல தம்பி, தசை. கிழிஞ்ச புதுசுல அத போட்டு அழுத்தக்கூடாது. லெஃப்ட்விங், வெள்ளி ராத்திரி கால நடுங்கவெச்சுட்டு ஞாயிறு மேட்ச் ஆடுறியே மக்கா, பின்ன இழுக்காம என்ன செய்யும்?

பிசியோ_மாணவி:
அண்ணா சொல்றது சரி, ஆனா நாள் மட்டும் பிரச்சனை இல்ல. முழு வேகத்துல ஓடும்போது கால முன்னாடி வீசுவோம்ல, தரையில பாதம் படுறதுக்கு கொஞ்சம் முன்னாடி முழங்காலுக்குக் கீழ இருக்குற கால பிரேக் போட்டு நிறுத்துறது ஹாம்ஸ்ட்ரிங்தான், அதுவும் நீண்டுக்கிட்டே நிறுத்தணும். பெரும்பாலும் கிழியறது அந்த நேரத்துல. லெக் பிரஸ், எக்ஸ்டென்ஷன் ரெண்டும் முன்தொடைக்குத்தான் அதிகம் போகுது. கர்ல்ல நீங்க கவனிக்கிறது மடக்குறத, இறக்கும்போது தொப்புன்னு விட்டுடுவீங்க, சரிதானே? அப்போ தசை சுருங்கத்தான் பழகியிருக்கு, நீளும்போது தாங்க பழகல.

நார்டிக் பண்ணுங்க. முட்டி போட்டு நின்னு, கணுக்கால யாராச்சும் அமுக்கிப் பிடிக்கணும், இடுப்ப மடிக்காம உடம்ப மெதுவா முன்னாடி சாய்க்கணும், முடியாத கட்டத்துல கைய ஊனிக்கலாம். 2011ல வந்த டென்மார்க் ஆய்வுல 50 டீம், 942 பேர்: நார்டிக் செஞ்ச டீம்கள்ல 15 ஹாம்ஸ்ட்ரிங் காயம், செய்யாத டீம்கள்ல 52. ஏற்கனவே அடிபட்டவங்களுக்குத்தான் பலன் இன்னும் அதிகம். மூணாவது தடவங்குறதால அதுக்கு முன்னாடி ஒரு பிசியோகிட்ட நேர்ல காட்டிடுங்க.

லெஃப்ட்விங்_23:
பிசியோகிட்ட காட்டிட்டேன், வீக்கம் எதுவும் இல்ல, ஆரம்பிக்கலாம்னுட்டாரு. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன். ஆள் இல்லன்னு கட்டிலுக்கு அடியில கால சொருகி அன்னிக்கே 3 செட் 10 போட்டேன், இப்ப மூணு நாளா வெஸ்டர்ன் டாய்லெட்ல கூட சுவத்த புடிச்சுதான் உக்கார்றேன் 😭 மறுபடி இழுத்துருச்சா?

பிசியோ_மாணவி:
ரெண்டு கால்லயும் பரவலா வலிச்சா அது புதுப் பயிற்சி வலி, போயிரும். ஒரே எடத்துல குத்துற மாதிரி இருந்தா நிறுத்திட்டு மறுபடி காட்டுங்க. அந்த ஆய்வுலயே முதல் வாரம் ஒரே ஒரு நாள், 2 செட் 5 தான். ரெண்டாவது வாரம் 2 நாள், 2 செட் 6. மூணாவது வாரத்துலருந்துதான் 3 நாள், 3 செட். 10 வாரம் முடிஞ்சதும் வாரம் ஒரு நாள் போதும்.

பழைய_ஸ்டாப்பர்:
லெக் டேய செவ்வாய்க்கு தள்ளு. 15 ரெப் நடுங்குற வேலையெல்லாம் மேடையில பாடி காட்டுறவனுக்கு. ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட் (வெயிட்ட புடிச்சு இடுப்ப மடிச்சு குனிஞ்சு எந்திரிக்கிறது) ரெண்டும் 3 செட் 5, இன்னும் ரெண்டு ரெப் போகும்னு இருக்கும்போதே வெச்சுடு. தோள் இடியில நிக்கிறதும் அதுலதான் வரும், லெக் எக்ஸ்டென்ஷன்ல வராது. வலியில்லாம முக்கால் வேகம் ஓட முடிஞ்சதும் புதன்கிழமை 30 மீட்டர் ஸ்பிரிண்ட் நாலஞ்சு சேத்துக்கோ, நடுவுல நல்லா மூச்சு வாங்கிட்டு. வாரம் பூரா ஜாகிங் ஓடிட்டு ஞாயிறு மட்டும் முழு வேகம்னா எந்த தசையும் மிரளும்.

மிட்நைட்_டர்ஃப்:
அப்ப நான் சொன்ன கர்ல் வேஸ்ட்டா?

பிசியோ_மாணவி:
வேஸ்ட் இல்ல, 4 எண்ணி இறக்குங்க.

லெஃப்ட்விங்_23:
அப்டேட், 9வது வாரம். லெக் டே செவ்வாய், நார்டிக் முழுசும் தம்பி என் கால்மேல உக்காந்து மொபைல் பாத்துக்கிட்டே. மொதல்ல பாதி சாயறதுக்குள்ள பொத்துன்னு விழுவேன், இப்ப முக்காவாசி தாங்குறேன். போன ஞாயிறு முழு மேட்ச், கடைசி நிமிஷம் ஒரு ஓட்டம் ஓடுனேன், பின்தொடை ஒண்ணும் சொல்லல, கிராஸ்தான் கோல்போஸ்டுக்கு பின்னாடி தென்னந்தோப்புக்குள்ள போயிருச்சு.

பழைய_ஸ்டாப்பர்:
அதுக்கு ஜிம்முல மருந்து இல்ல மக்கா 😂