கலைச்சொல் தேவை: கூலண்ட் பில்டர்

காட்பாடியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம்.

டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. பாடம்: பிக்கப் வண்டியில் கூலண்ட் பில்டர் பொருத்துதல். எஞ்சினின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம் கூலண்ட்; அதில் சுற்றும் கசடைப் பிடிப்பது கூலண்ட் பில்டர். மூலத் துண்டறிக்கை அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை விற்ற ஃபோர்டு 6.0 லிட்டர் டீசல் பிக்கப்புகளுக்காக எழுதப்பட்டது. அந்த எஞ்சினில் வார்ப்பு மணலின் துகள்கள் கூலண்டோடு சுற்றி, ஆயில் கூலரின் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். ஆயில் கூலரைத் தாண்டித்தான் இ.ஜி.ஆர். கூலருக்கு (எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பகுதி) கூலண்ட் போக வேண்டும். கூலண்ட் போதாமல் போனால் இ.ஜி.ஆர். கூலர் சூடேறி விரிசல் விடும். கூலண்ட் புகைவழியில் கசிந்து வெள்ளைப் புகையாக வெளியேறும். ஓடும் வண்டியில் ஆயிலின் வெப்பம் கூலண்டின் வெப்பத்தைவிட 15 பாரன்ஹீட் பாகைக்கு மேல் ஏறினால் அடைப்புத் தொடங்கிவிட்டது என்று அங்குள்ள மெக்கானிக்குகள் கணிக்கிறார்கள்.

நம் பக்கம் ஓடும் பிக்கப்புகளுக்கு அந்த மணல் கதை பொருந்தாது. ஆனால் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இங்கே இருக்கிறது. அந்த உப்பு உள்ளே படிந்து, பிறகு பெயர்ந்து சுற்றுவதை ரேடியேட்டரைப் பிரித்த எவரும் பார்த்திருப்பார்கள். அதனால்தான் இந்தப் பாடம்.

வேலை சிக்கலானதல்ல. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹீட்டருக்குப் போகும் ஹோஸிலிருந்து ஒரு கிளை எடுத்துப் பில்டருக்குக் கொடுத்து, வடிந்து வருவதை மீண்டும் சுற்றில் சேர்க்க வேண்டும். இருபுறமும் பால் வால்வு (உள்ளே உருண்டை வைத்த அடைப்பான்) வேண்டும். பில்டர் மாற்றும்போது அவற்றை மூடிக்கொண்டால் கூலண்ட் கொட்டாது. பில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் கூலண்டைத் தடவிக் கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று முடுக்கினால் போதும். எனக்குத் தேவை மூன்று சொற்கள்: கூலண்ட், கூலண்ட் பில்டர், பைபாஸ் பில்டர் (இப்படிக் கிளையில் ஒரு பகுதியை மட்டும் வடிக்கும் பில்டர்).

ஆற்காட்டிலிருந்து:

காட்பாடி ஆசிரியைக்கு வணக்கம். இல்லாத சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. நன்னூலின் 38ஆம் நூற்பாவில் இருக்கிறது. மாணாக்கரை வகைப்படுத்தும் இடத்தில் பவணந்தியார் கடை மாணாக்கனுக்கு உவமையாக 'நெய்யரி'யைச் சொல்கிறார். நெய்யை வடிக்கும் பன்னாடை அது. நல்ல நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். மாணாக்கனுக்கு அது இழுக்கு. ஆனால் உங்கள் பில்டர் செய்ய வேண்டிய வேலை அணுவளவும் பிசகாமல் அதுதானே?

அரி என்னும் வினை நம் சமையலறைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அரிசியை அரித்துக் கல் நீக்குகிறோம். எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடையை எடுப்பது அரிகரண்டி. நெய்யை அரிப்பது நெய்யரி என்றால் நீரை அரிப்பது நீரரி. குளிர்நீரை அரிப்பது குளிர்நீரரி. ஒரே மூச்சில் சொல்லலாம். அகராதியில் அரிக்குச் சிங்கம், திருமால், குரங்கு என்றெல்லாம் பொருள் கிடக்கும். அதனால் குழப்பம் வரும் என்று யாரும் எழுத வேண்டாம். அந்த அரிகள் பெயர்ச்சொற்கள். இது வினையடியாகப் பிறந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஆற்காட்டு ஐயாவின் நன்னூல் நுட்பத்தை மதிக்கிறேன். ஆனால் நாற்பது மாணவர்கள் கையில் ஸ்பேனரோடு நிற்கும் இடத்தில் 'நீரரி' இரண்டு வகையில் ஆபத்து.

முதலாவது, இதே கையேட்டில் அரிப்பு என்ற சொல் உலோகத்தை அரிப்பதற்கு வந்தே தீரும். கூலண்டில் கலந்திருப்பது அரிப்புத் தடுப்பி. கனரக டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) அதிரும்போது அதன் வெளிப்புறத்தில் நுண்குமிழிகள் உருவாகி உடைந்து, உலோகத்தில் குழிக்குழியாகத் துளைத்துவிடும். அதைக் குமிழரிப்பு என்று எழுதுகிறோம். ஒரே பக்கத்தில் நீரரியும் குமிழரிப்பும் அரிப்புத் தடுப்பியும் இருந்தால், நீரரியைத் துருவின் வகை என்றே படிப்பார்கள்.

இரண்டாவது, கூலண்ட் நீர் அல்ல. பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி காய்ச்சி வடித்த நீர். அந்தக் கலவை திறந்த நிலையில் சுமார் 107 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். மே மாதத்து வேலூரில் சுமையேற்றிய வண்டியைக் காப்பது அந்த இடைவெளிதான். உண்மையில் வெப்பத்தை ஏற்றுச் சுமப்பதில் வெறும் நீர் இந்தக் கலவையை விஞ்சும். ஆக, கூலண்டின் பெருமை குளிர்விப்பதில் மட்டும் இல்லை. கொதிக்காமல், அரிக்காமல், குளிர்நாடுகளில் உறையாமல் இருப்பதிலும் இருக்கிறது. பெயரில் 'நீர்' வந்தால் மாணவன் குழாயைத் திறப்பான். நாம் ஒழிக்க நினைக்கும் பழக்கத்துக்கே பெயர்ப்பலகை வைத்ததாக ஆகும். என் பரிந்துரை: குளிர்விப்பி வடிகட்டி.

வாணியம்பாடியிலிருந்து:

பட்டறையில் இது கூலண்ட், அது பில்டர். ஆயில் பில்டர், டீசல் பில்டர், ஏர் பில்டர் மூன்றையும் பில்டர் என்றே சொல்லும் பையன் நான்காவதை மட்டும் வேறு பெயரில் ஏன் கேட்க வேண்டும்? கடைக்குப் போய்க் குளிர்நீரரி என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்?

குடியாத்தத்திலிருந்து:

இலக்கணப் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். செய்பவரையும் செய்யும் கருவியையும் குறிக்க இகர விகுதி நமக்குப் பழையது. சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது 306ஆம் குறள். கொல்வது கொல்லி, வடிகட்டுவது வடிகட்டி. சிலர் 'குளிர்வி' என்று எழுதுகிறார்கள். அந்த வினை ஏற்கெனவே இகரத்தில் முடிவதால் விகுதி சேர்ந்ததே தெரியாது; ஏவல் வினையாக நின்றுவிடும். கையேடு முழுக்க மூடு, திருகு, ஊற்று என்று ஏவல்கள். நடுவில் 'குளிர்வி வடிகட்டியைப் பொருத்து' என்று வந்தால் எதையோ குளிரவைக்கச் சொல்கிறார்கள் என்று மாணவன் நிற்பான். ஆகவே குளிர்விப்பி அல்லது குளிர்விப்பான். தணிப்பான் மட்டும் வேண்டாம். இயற்பியல் பாடத்தில் அணு உலையில் நியூட்ரான் வேகத்தைக் குறைக்கும் பொருளுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். குளிரூட்டியும் வேண்டாம், அது ஏ.சி.

இந்தச் சண்டை புதிதல்ல. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்றே சங்கம் வைத்தார்கள். அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் மொழிபெயர்த்தார். அவர் பணியாற்றிய அதே அமெரிக்க மிஷனில் அவருக்கு முன் மருத்துவராக இருந்தவர் ஜான் ஸ்கடர். நம் வேலூர் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடரின் தாத்தா. மருத்துவம் வேலூருக்கு வந்து சேர்ந்தது. தமிழில் கற்பிக்கும் வழக்கம் கடலைத் தாண்டி வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

ஆற்காட்டிலிருந்து:

குடியாத்தத்தாரின் ஆற்றாமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆற்றாமையின் முடிவில் 'வடிகட்டி'யா? வடித்தல் என்பதில் இரண்டு எதிர்ச் செயல்கள் கலந்திருக்கின்றன. சோறு வடித்தால் தங்குவதை வைத்துக்கொள்கிறோம். காபி வடித்தால் இறங்குவதை எடுத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்குப் புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் கொல்லனுக்கு வேல் 'வடித்துக்' கொடுப்பதைக் கடனாக்குகிறார். அங்கே வடித்தல் என்பது திருத்தமாகச் செய்து தருவது. அரித்தலில் இந்தச் சிக்கல் இல்லை.

'நீர்' வந்தால் குழாயைத் திறப்பான் என்கிறார் ராணிப்பேட்டையார். தண்ணீர் என்பதே தண்மையும் நீரும் சேர்ந்த சொல். குளிர்ந்த நீருக்கும் வெந்நீருக்கும் பெயரிலேயே வேறுபாடு காட்டிய மொழி இது. கூலண்டுக்கு வேண்டிய கருத்து நம் அன்றாடச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'தண்ணியம்' என்று ஒரு சொல் ஆக்கினால் என்ன?

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, நாம் எல்லோரும் 'சுடுதண்ணீர்' என்று சொல்கிறோம். தண் என்பதன் பொருள் பேச்சில் மறைந்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தண்ணியத்தைக் கேட்கும் பையனுக்குத் தண்ணிதான் நினைவுக்கு வரும்.

வாணியம்பாடியிலிருந்து:

பெயரைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். பிடித்து வைத்த கூலண்டைத் திறந்த வாளியில் விடக்கூடாது. அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கிச் சாகும், குழந்தைக்கும் நஞ்சு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதையும் போடுங்கள். இந்த இரண்டு வரியில் ஒரு கடினச் சொல்கூட இருக்கக் கூடாது. அதற்காகவே கேட்கிறேன், கூலண்ட் என்றே இருக்கட்டும்.

இன்னொன்று. பில்டரில் இரண்டு வகை வருகிறது. ஒன்றில் உள்ளேயே ரசாயனம் இருக்கும், மற்றதில் இருக்காது. நீண்டநாள் உழைக்கும் கூலண்ட் ஊற்றிய வண்டியில் தெரியாமல் முதல் வகையைப் போட்டால் கூலண்டின் கலவை கெடும். மருந்துள்ள பில்டர், மருந்தில்லாத பில்டர் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

காட்பாடியிலிருந்து:

மருந்துள்ளது, மருந்தில்லாதது இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்; இதற்கு மறுப்பு வராது என்று நம்புகிறேன். நஞ்சு எச்சரிக்கை முதல் பக்கத்துக்குப் போகிறது.

பைபாஸ் பில்டருக்குப் புறவழி வடிகட்டி என்று எழுதியிருக்கிறேன். புறவழிச்சாலை தெரியாதவர் யாருமில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

புறவழி தவறான படத்தைத் தரும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெரும்பாலான வண்டிகள் ஊருக்கு வெளியே புறவழியில் போகின்றன. இங்கே நேர்மாறு: பெரும்பகுதி கூலண்ட் தன் பழைய வழியிலேயே ஓடுகிறது, சிறுபகுதிதான் பிரிந்து பில்டருக்குள் போய்த் திரும்புகிறது. ஏரிப் பாசனத்தில் கிளை வாய்க்கால் என்போம். கிளைவழி வடிகட்டி என்றால், அது அடைத்துக்கொண்டாலும் எஞ்சினுக்குப் போகும் ஓட்டம் நிற்காது என்பதும் விளங்கும். ஆயில் பில்டரின் நிலை வேறு; எஞ்சினுக்குப் போகும் ஆயில் முழுவதும் அதன் வழியே போகிறது. இந்த வேறுபாட்டைத்தான் மாணவன் கற்க வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:

கிளைவழிக்கு என் முழு ஆதரவு. இந்த இழையில் கிடைத்த நல்ல சொல் இதுதான்.

ஆற்காட்டிலிருந்து:

கிளைவழி ஏற்புடையது. கிளைவழி அரி என்று எழுதுங்கள்.

காட்பாடியிலிருந்து:

நாளை அச்சு. இதுவரை எழுதியவர்களில் வடிகட்டிக்கு இருவர், பில்டருக்கு ஒருவர், அரிக்கு ஒருவர். கூலண்டில் இந்த அளவு ஒற்றுமைகூட இல்லை. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: கூலண்ட் என்பதை ஒலிபெயர்ப்பாகவே வைக்கிறேன், கடைப் பலகையிலும் டப்பாவிலும் மாணவன் பார்க்கப்போவது அந்தச் சொல்லைத்தான். பில்டருக்கு வடிகட்டி. ஆகவே 'கூலண்ட் வடிகட்டி', 'கிளைவழி வடிகட்டி'. குளிர்விப்பியைச் சொல்லடைவில் ஒருமுறை தருகிறேன். பால் வால்வும் ஹோஸும் கிளாம்பும் அப்படியே இருக்கும்.

வேலை முடிந்த பின் எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, முழுதும் ஆறியதும் அளவைப் பார்த்துக் கிளாம்புகளை மறுபடி முடுக்கச் சொல்லும் பத்தியைச் சேர்த்துவிட்டேன். முதல் வடிகட்டியைச் சீக்கிரமே கழற்றி, அறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன தங்கியிருக்கிறது என்று மாணவர்கள் கண்ணால் காண வேண்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்பதில் எனக்கு நிறைவில்லை. நேரமில்லை என்பதால் ஒப்புகிறேன்.

வாணியம்பாடியிலிருந்து:

எனக்குப் பத்துப் பிரதி வேண்டும், பட்டறைப் பையன்களுக்கு.

ஆற்காட்டிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், மாணவர்களின் பாடம் நம்மால் நிற்கக் கூடாது. ஆனால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கசடைப் பிடித்துக்கொண்டு நல்லதை விடும் கருவிக்கு இலக்கண நூலிலேயே பெயர் இருக்கும்போது அதைத் தள்ளியது சரியல்ல. உலோக அரிப்போடு மோதுகிறது என்பதுதான் தடை என்றால், அதை 'உலோகத்தேய்வு' என்று மாற்றலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் அந்தச் சொல்லைத் தனி இழையில் எடுப்போம். ரேடியேட்டருக்கு 'வெப்பாற்றி' என்ற என் பழைய பரிந்துரையும் நிலுவையில் இருக்கிறது.