பழைய விராகோவின் ஹாண்டிலை மாற்றலாமா?

கிளிநொச்சியான்:
என்னுடையது யமஹா விராகோ 250 மோட்டார் சைக்கிள். எனக்கு முன்னர் மூன்று பேர் ஓட்டிய பழைய வண்டி. வேலைக்காக வாரத்தில் இரண்டு நாள் ஏ9 வீதியில் வவுனியா போய் வருகிறேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கும்போது ஒரு வலியும் இல்லை. புளியங்குளம் வருவதற்குள் தோள் வலிக்கிறது, வலது கையில் சின்னவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. ஓமந்தையில் நிறுத்திக் கையை உதறிவிட்டுத்தான் மிச்சத் தூரம். அரை அடி உயர்ந்த ஹாண்டில் போட்டால் சரிவரும் என்று நினைக்கிறேன். இருக்கிற குழாயையே வெட்டி, இடையில் துண்டு வைத்து வெல்டிங்கில் ஒட்டித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

மாங்குளம் கராஜ்காரர்:
செய்யாதீர்கள் தம்பி. ஒட்டிய ஹாண்டில் என்று கேட்டாலே எனக்கு வயிறு கலங்குகிறது. வண்டி நிற்கும்போது குழாய் முறியாது. சக்கரம் குழியில் விழுந்து, முழுப் பாரமும் இரண்டு கைகளில் வந்து இறங்கும் நொடியில்தான் முறியும். ஒட்டின் ஓரத்தில் சூடுபட்ட உருக்கு தன் குணம் மாறி நிற்கும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். மேலே குரோம் பூசிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. கம்பெனி கொடுத்த ஹாண்டிலை அப்படியே விடுங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தப் பழைய வண்டிகள்தான் எங்களைச் சுமந்தன. அவற்றை வெட்டிக் கொத்துவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கனகராயன்:
ஒட்டு வேண்டாம் என்பதில் அண்ணையோடு நிற்கிறேன். ஆனால் "அப்படியே விடுங்கள்" என்பதை ஏற்க மாட்டேன். அளவில்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு காலைக் குறை சொல்வதா? நானும் விராகோ போன்ற பழைய குரூசர் வகை வண்டிதான் ஓட்டுகிறேன். என் கை நீளத்துக்குப் பொருந்தும்படி, பின்னோக்கி வளைந்த புது ஹாண்டில் போட்டேன். ஒட்டுசுட்டானில் இருந்து வயலுக்குப் போகும் கிரவல் பாதையில் அதற்கு முன்னர் தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி நிற்கும். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து போகிறேன், திடீரென்று மாடு குறுக்கிட்டாலும் வண்டி சொன்னபடி கேட்கிறது.

மாங்குளம் கராஜ்காரர்:
நீங்கள் ஹாண்டிலை மட்டுமா மாற்றினீர்கள்? அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளை குழாயை மட்டும் வாங்கிப் பூட்டிவிடும். அரை அடி உயர்ந்தால் கிளச் கேபிள் போதாது, அக்சிலேட்டர் கேபிள் போதாது, முன் பிரேக்குக்கு ஒயில் போகும் ஹோஸ் இழுபடும், சுவிட்ச் வயர்கள் விறைக்கும். என்னிடம் வந்த ஒரு வண்டியில் ஹாண்டிலை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினால் இயந்திரம் தானாக இரைந்தது. கேபிள் கட்டை, வேறொன்றும் இல்லை. ஒடுங்கிய இடத்தில் வண்டியைத் திருப்பும்போது அது நடந்தால் ஓட்டுபவர் வேலிக்குள் கிடப்பார்.

கனகராயன்:
உண்மை, நான் எழுதியிருக்க வேண்டும். கேபிள்கள், ஹோஸ் எல்லாம் நீளமானவையாகக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி எடுத்தேன். விராகோ 250க்கு 22 மில்லிமீற்றர் குழாய்தான் வேண்டும். ஹார்லி வகைகளுக்கு வரும் 25.4 மில்லிமீற்றர் குழாய், ஹாண்டிலைப் பிடித்து நிற்கும் கிளாம்புக்குள் போகாது. இன்னொன்று: சுவிட்ச் பெட்டிக்குள் கடுகளவு முளை ஒன்று இருக்கும், பழைய குழாயில் அதற்குத் துளையும் இருக்கும். புதுக் குழாயில் அளந்து துளையிட வேண்டும். சோம்பலில் முளையைச் சீவிவிட்டால் பெட்டி குழாயைச் சுற்றி உருளும். ஹோஸ் பூட்டும்போது செப்பு வாசர்களும் புதிதாக இருக்கட்டும். பிரேக் ஒயில் தாங்கியில் சிந்தினால் பெயின்ற் உரிந்துவிடும், துணி போர்த்திவிட்டு வேலை செய்யுங்கள். இவ்வளவையும் செய்யலாம் என்றுதான் நான் வாதாடுகிறேன்.

மாங்குளம் கராஜ்காரர்:
செய்யலாம். செய்யத் தேவை இருக்கிறதா என்பதே என் கேள்வி. சின்னவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் நரம்பு அழுந்துகிறது. மணிக்கட்டு கோணலாக நிற்கிறது என்று பொருள், உயரம் போதாமல் இருப்பது வேறு. தம்பி, கிளாம்பின் நான்கு போல்ட்டையும் தளர்த்தி ஹாண்டிலைச் சற்றே உருட்டிப் பாருங்கள். ஒரு சதம் செலவில்லை.

கனகராயன்:
உருட்டினால் பிரேக் ஒயில் குப்பியும் சாயும் அண்ணை, அதையும் லீவரையும் தனியாகத் தளர்த்தி நேராக்க வேண்டும். உருட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. நெட்டையான ஆளுக்கு அது போதாது.

கிளிநொச்சியான்:
இரண்டு பேருக்கும் நன்றி. பட்டறைக்குப் போகவில்லை. ஹாண்டிலை ஒரு விரல் அகலம் முன்னே உருட்டி, குப்பியை நேராக்கி, நேற்று வவுனியா போனேன். ஓமந்தையில் நிறுத்தவில்லை, விரல்களில் உணர்வு இருந்தது. ஆனால் நான் ஆறடி. தோள்வலி போகவில்லை.

கனகராயன்:
அப்படியென்றால் ஹாண்டில் வேண்டும். அரை அடி வேண்டாம், இரண்டு அங்குலம் பாருங்கள்.

மாங்குளம் கராஜ்காரர்:
இரண்டு அங்குலம் என்றால் நானே பூட்டித் தருகிறேன், கேபிள்களோடு வாருங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்ப்பேன். சத்தம் இம்மியளவு கூடினாலும் வண்டி கராஜை விட்டு வெளியே வராது.