க்ளோ பிளக்: ஒளிர்செருகியா, கங்குச்செருகியா?

> 1940களின் அமெரிக்கக் குட்டிப் பந்தயக் கார்கள் (ஆள் ஏறாத, எஞ்சின் வைத்த மாடல் கார்கள்) பற்றி எழுதுகிறேன். அவற்றின் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் = ஒளிர்செருகி, சரிதானே?

வணக்கம். ஒளிர்செருகி வேண்டாம். ஒளிர்வது அதன் வேலையே இல்லை. சூடு ஆறாமல் இருப்பதுதான் வேலை.

அந்தக் கார்களில் முதலில் இருந்தது ஸ்பார்க் பிளக். அந்தக் கார்களுக்கு எஞ்சின் செய்த டூலிங் சகோதரர்களின் 10 சி.சி. எஞ்சினைக் கையில் தூக்கிவிடலாம். ஆனால் அதற்குப் பொறி கொடுக்க பேட்டரி, காயில், கண்டென்சர் என்று ஒரு குடும்பத்தையே கார் சுமக்க வேண்டும். 1947இல் ரே ஆர்டனின் க்ளோ பிளக் கடைக்கு வந்ததும் அந்தச் சுமை இறங்கியது.

பிளக்கின் அடியில் பார்த்தால் முடி போல ஒரு பிளாட்டினம் கம்பிச்சுருள். ஒன்றரை வோல்ட் செல்லைத் தொட்டுவைத்தால் செக்கச்செவேல் என்று பழுக்கும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் செல்லை எடுத்துவிடலாம். அப்புறம் ஒவ்வொரு முறை எரியும் சூடே கம்பியைக் காக்கும். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டு வினைபுரியும் சூடும் சேர்ந்துகொள்ளும். அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு கிடக்குமே, ஊதினால் பற்றிக்கொள்ள, அதேதான். இங்கே ஊதுவது பிஸ்டன். அதனால் 'கங்குச்செருகி'.

இன்னொன்று. கட்டுரையில் 'எரிவாயு கார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கர் 'கேஸ்' என்பது பெட்ரோலை. நம் வாசகர் சிலிண்டர் வைத்த ஆட்டோவை நினைத்துக்கொள்வார். க்ளோ பிளக் வந்தபின் அந்தப் பெட்ரோலும் போய், மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றினார்கள்.

---

> அதனால் 'கங்குச்செருகி'

கங்கு பிடித்திருக்கிறது. ஆனால் டீசல் வண்டியிலும் க்ளோ பிளக் உண்டே? அதுவும் கங்கா? தவிர, திருகி மாட்டுவதைச் செருகி என்பது எனக்கு உறுத்துகிறது.

அப்படியே, கம்பியில் கட்டி ஓடவிடும் இந்தக் கார்களின் பெயரான 'டெதர் கார்' என்பதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள். 'பிணைப்புக் கார்' என்று வைத்திருக்கிறேன், வாயில் நிற்கவில்லை.

---

டீசலில் இருப்பதை மெக்கானிக்குகள் 'ஹீட்டர் பிளக்' என்றே சொல்கிறார்கள். குளிரில் வண்டி கிளம்ப உதவுவதுதான் அதன் முக்கிய வேலை. அதைச் சூடேற்றி என்று பிரித்துவிடலாம். செருகி எனக்கும் உறுத்தல்தான். ஆனால் ஸ்பார்க் பிளக்குக்குப் பொறிச்செருகி ஏற்கெனவே நிலைத்துவிட்டது, ஜோடியைப் பிரிக்க வேண்டாம்.

டெதர் காருக்கு 'செக்குக் கார்'. நடுவில் கம்பம், அதில் கட்டிய எஃகுக் கம்பி, 70 அடி விட்டத்தில் வட்டம். 24 சுற்று ஓடினால் ஒரு மைல். செக்குமாடு மெதுவாகப் போகும், இதுவோ மணிக்கு 100 மைலைத் தாண்டியது என்பீர்கள். மாட்டின் வேகத்துக்குச் செக்கு என்ன செய்யும்?