கூரைப்பீலியா, கூரை வடிகாலா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘gutter’ என்பதற்கும் அதைச் சார்ந்த பாகங்கள், வேலைகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தி ஒரு பக்கமாகக் கொண்டுபோகும் அந்தத் தகர, பிளாஸ்டிக் ஓடைக்குக் ‘கூரை வடிகால்’ என்றே முடிவாகிவிடும் போலத் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கத்தில் அதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு: பீலி. யாழ்ப்பாணத்திலும் அதுதான்.

வடிகால் என்றால் எங்களுக்கு நிலத்தில் ஓடுவது. தேயிலைத் தோட்டத்தில் அதைக் கான் என்போம். தேயிலை மலையில் ‘கான் வெட்டு’ என்று தனி வேலையே இருக்கிறது. பீலி மேலே தண்ணீரை வாங்கும், கான் கீழே அதைக் கடத்தும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘வடிகால் அடைத்துக்கொண்டது’ என்று ஒருவர் சொல்லும்போது நான் ஏணியை எடுப்பதா, மண்வெட்டியை எடுப்பதா? ‘தாழ்வாரம்’ என்று எழுதிய நண்பருக்கு: அது நாம் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும் இடம். அதை விட்டுவிடுவோம்.

பீலிக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வந்தது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளையிடம் பீலி என்றால் அது குளிக்கும் இடத்தைத்தான் காட்டும். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே வந்து விழுமே, அது. குடம் பிடிப்பது, துணி துவைப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாம் பீலிக்கரையில்தான். அதற்காகத்தான் வெறும் பீலி என்று விடாமல் ‘கூரைப்பீலி’ என்கிறேன். குறளில் (475) வண்டியின் அச்சை முறிக்கும் பீலி மயிலிறகு. மயில் கூரையில் வந்து நின்றாலொழிய அந்தக் குழப்பம் வராது. சிங்களத்திலும் ‘பீல்ல’ என்பதால் ஹார்ட்வெயார் கடையில் யார் நின்றாலும் “பீலி எத்தனை அடி?” என்று உடனே கேட்பார்கள். ‘கூரை வடிகால்’ கேட்டுப் பாருங்கள், பி.வி.சி. குழாயை எடுத்து வைப்பார்கள்.

சரி, பெயர்ச்சொல் இருக்கட்டும். பீலியில் சேர்ந்ததை அகற்றும் வேலையை ‘சுத்தம் செய்தல்’ என்று பொதுவாக எழுதியிருப்பதுதான் எனக்கு அதைவிட உறுத்துகிறது.

போன ஐப்பசியில் பின்னேர இடிமழை ஒன்றில் எங்கள் வீட்டுப் பீலி நிரம்பி, தண்ணீர் சுவர்ப்பக்கமாகத் திரும்பி, சீலிங்கில் தேயிலைச் சாயம் போல ஒரு வட்டம் விழுந்தது. எங்கள் கூரை ஏறக்குறைய 500 சதுர அடி. 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் 2,300 லீற்றர் தண்ணீர் இறங்கும். அத்தனையும் போக வேண்டிய ஓட்டை ஒன்றுதான். மறுநாள் ஏணி வைத்துப் பார்த்தால், மேலே காய்ந்த சவுக்கு இலை, கீழே தேயிலைச் சக்கை மாதிரிக் கறுப்புச் சேறு, அதில் வேர்விட்டு நிற்கிறது ஒரு கொய்யாக் கன்று. (தமிழ்நாட்டு நண்பர்கள் கவனிக்க: எங்கள் சவுக்கு உங்கள் சவுக்கு அல்ல, உங்களூர் சில்வர் ஓக்.) கரண்டி பீலியின் வளைவுக்குப் பொருந்தவில்லை. தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒன்றைச் சரித்து வெட்டி, அதால் அள்ளி வாளியில் போட்டேன். அந்தச் சேற்றை அப்படியே குழாய்க்குள் கழுவித் தள்ளியிருந்தால் அடைப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கும்.

அந்த வேலைக்குப் பெயர் ‘வாருதல்’. குளத்தைத் தூர் வாருகிறோம், கிணற்றை வாருகிறோம்; பீலியையும் வாரலாம். ‘பீலி வாருதல்’ என்றதுமே கையால் அள்ளும் வேலை என்று புரிந்துவிடும். கழுவுவது அதற்கு அப்புறம்.

தண்ணீர் ஓடப் பீலிக்குக் கொடுக்கும் சாய்வை ‘சரிவுக்கோணம்’ என்று முன்மொழிந்ததற்கு மேசன்மார் (கொத்தனார்கள்) வாயில் நல்ல சொல் இருக்கிறது: வாட்டம். 10 அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் போதும். வாரி முடித்ததும் மேல்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் வாட்டம் எங்கே கெட்டிருக்கிறது என்று தெரியும். தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பு (கொசு) வந்துவிடும்.

இலை விழாமல் பீலிமேல் விரிக்கும் வலைக்குச் சொன்ன ‘சருகுத் தடுப்பான்’ எனக்குப் பிடிக்கவில்லை, அது தடுப்பதில்லை. சவுக்கு இலை பன்னம் (fern) போலப் பிரிந்த இலை. பொடிந்தால் கண்ணிக்குள் இறங்கும், பொடியாவிட்டால் வலைமேல் பாயாகப் படியும். எப்படியும் ஏணியில் ஏறத்தான் வேண்டும். ‘சருகுவலை’ என்று வைத்தால் இல்லாத வாக்குறுதி எதுவும் அதில் இராது.

பீலித் தண்ணீரைக் கீழே கொண்டுவரும் குழாய்க்கு ‘இறங்குகுழாய்’ நல்ல சொல், அப்படியே இருக்கட்டும். பீலியைத் தாங்கிப் பிடிக்கும் வளைந்த இரும்புக்குத்தான் எனக்கு ஒன்றும் அமையவில்லை. எங்கள் மேசன் ‘கொக்கி’ என்கிறார், ஆனால் சட்டை மாட்டுவதும் கொக்கிதானே. உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்?