டூயத்லானுக்குத் தமிழ்: ஈரோட்டமா, ஓட்டோட்டமா?

ஓட்டக்கூத்தன் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய கையேடு ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் டூயத்லான் நடத்துகிறார்கள்: 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், மறுபடி 2.5 கி.மீ. ஓட்டம். இந்த முறை கோவளம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வருவதால் விதிகள் தமிழில் வேண்டுமாம். நானும் இந்தப் போட்டிகளில் ஓடுகிறவன், மறுக்க முடியவில்லை.

மூன்று சொற்கள் தேவை. முதலாவது, போட்டியின் பெயர். அடுத்தது, ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம், அதாவது டிரான்சிஷன். அங்கே செலவாகும் நேரத்துக்கும் அதே பெயர்தான். டி1, டி2 என்று மொத்தக் கணக்கில் சேரும். கடைசியாக டிராஃப்டிங்: முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியபடி, காற்றைக் கிழிக்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு நாம் சுகமாக மிதிப்பது. எங்கள் போட்டியில் அது கூடாது, 10 மீட்டர் இடைவெளி விடவேண்டும்.

பெயருக்கு என் முன்மொழிவு 'ஈரோட்டம்'. ஓட்டம் இரண்டு இருக்கிறதே.

புணரியல் எழுதியது:

புணர்ச்சி சரி. வருமொழி உயிரில் தொடங்கினால் 'இரு' ஈர் ஆகும்: ஈராயிரம், ஈராண்டு, ஈருருளி (சைக்கிள்தான்). மெய் வந்தால் இருவாகவே நிற்கும், இருமொழி, இருபுறம் போல. யாராவது 'ஈர்போட்டி' என்று கிளம்புவதற்கு முன்பே தடுத்துவைக்கிறேன்.

பொருள்தான் சரியில்லை. மூலச்சொல்லில் உள்ள இரண்டு, ஓட்டங்களின் எண்ணிக்கை அல்ல, விளையாட்டு வகைகளின் எண்ணிக்கை. நீங்கள் நடுவிலுள்ள 20 கி.மீ.யை அப்படியே விழுங்கிவிட்டீர்கள். இன்னொன்று: கிரேக்கத்தில் ஆத்லோன் என்றால் போட்டியில் வெல்லும் பரிசு. நம்மிடம் 'பரிசில்' இருக்கிறது. பரிசிலுக்காகக் காடும் மலையும் கடந்து நடந்த ஆற்றுப்படைப் பாணர்களைவிட நெடுந்தூர விளையாட்டுக்காரர் யார்? 'இருபரிசில்' என்று வைத்துப் பாருங்கள்.

காவிரிக்கரையான் எழுதியது:

ஐயா, இருபரிசில் என்றால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு மட்டும்தான் உண்டு போல என்று பிள்ளைகள் திரும்பிப் போய்விடுவார்கள்.

நான் ஈரோட்டுக்காரன். 'ஈரோட்டப் போட்டி' என்று சுவரொட்டி ஒட்டினால் எங்கள் ஊரில் நடப்பதாகத்தான் படிப்பார்கள். ஊர்ப் பெயருக்கே ஏற்கெனவே இரண்டு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பள்ளம் ஓடை, பிச்சைக்காரன்பள்ளம் ஓடை இரண்டையும் வைத்து ஈரோடை என்பார்கள். சிவன் கையிலிருந்த மண்டையோட்டை வைத்து 'ஈர ஓடு' என்பாரும் உண்டு. மூன்றாவது கதையை நீங்கள் தொடங்கவேண்டாம்.

என் யோசனை: 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. கால் ஓடுகிறது, சைக்கிளை ஓட்டுகிறோம். இரண்டையும் சேர்த்தால் 'ஓட்டோட்டம்'.

ஓட்டக்கூத்தன் எழுதியது:

அண்ணா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்தல் நேரத்தில் ஓட்டு கேட்டு ஓடுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

வடமராட்சியான் எழுதியது:

தன்வினை பிறவினை எல்லாம் எங்கட யாழ்ப்பாணப் பக்கம் எடுபடாது. நாங்கள் சைக்கிளும் ஓடுவம், காரும் ஓடுவம். எங்களுக்கு முதல் 5 கி.மீ.யும் ஓட்டம், நடு 20 கி.மீ.யும் ஓட்டம், கடைசியும் ஓட்டம். ஈரோட்டம் எண்டால் கணக்கே பிழை, 'மூவோட்டம்' எண்டு போடுங்கோ.

நீங்கள் தொடர் ஓட்டம் எண்டு சொல்லுறதை நாங்கள் அஞ்சலோட்டம் எண்டு பள்ளிக்கூடத்திலேயே படிச்சனாங்கள். மாரத்தான் எங்களுக்கு மரதன். ஆரும் குழு வைச்சு விவாதிச்சதாகத் தெரியேல்லை, விளையாட்டுப் போட்டியில ஒலிபெருக்கியில கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு.

கிள்ளான் ஆசிரியை எழுதியது:

எங்கள் மலேசியாவில் புத்ராஜெயாவில் நடக்கும் பவர்மேன் என்ற டூயத்லான் போட்டிக்குத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளும் போகிறார்கள். அவர்கள் 'டுவாத்லோன்' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலக்காரர்களும் ஒரே நாளில் பெயர் வைத்துவிடவில்லை. அமெரிக்காவில் இதை முதலில் பயாத்லான் என்றே அழைத்தார்கள். பனிச்சறுக்கியபடி துப்பாக்கி சுடும் பயாத்லான் 1960-லேயே குளிர்கால ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. குழப்பம் வந்த பிறகுதான் பெயர் மாறியது.

எனக்குக் கவலை பெயரைப் பற்றி அல்ல. தலைக்கவச வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கவேண்டும். திரும்பி வந்து சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகே வாரைக் கழற்றவேண்டும். இதைப் படித்தவுடன் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிறதா? புரியாவிட்டால் தண்டனை அந்தப் பிள்ளைக்கு, நமக்கு அல்ல. உங்கள் 'ஈருருளி'யை எங்கள் வகுப்பில் சொன்னால் உருளைக்கிழங்கா என்று கேட்பார்கள்.

புணரியல் எழுதியது:

அம்மா, புரியவில்லை என்பதே வாதமானால் ஒரு காலத்தில் 'பேருந்து'ம் புரியாமல்தான் இருந்தது. புழங்கப் புழங்கப் புரியும்.

ஓட்டக்கூத்தன் எழுதியது:

புழங்குவதற்கு எனக்கு வியாழன் வரைதான் நேரம். பெயரை அப்புறம் பார்ப்போம், டிரான்சிஷனுக்கு வாருங்கள்.

இந்த இடத்தில் நடப்பது வெறும் இடமாற்றம் அல்ல. முதல் ஓட்டத்தில் கூட்டத்தின் வேகத்தில் இழுபட்டுப் பறந்தவர்கள் சைக்கிளில் ஏறியதும் தொடை எரிந்து விழிப்பார்கள். இரண்டாவது மாற்றம் இன்னும் மோசம். சைக்கிளை மாட்டிவிட்டு ஓடத் தொடங்கினால் கால் நம் காலாகவே இருக்காது. வட்டமாக மிதித்த பழக்கத்திலேயே கிடக்கும். முதல் சில நூறு மீட்டர் எட்டுவைப்பதே கோணலாக இருக்கும். இதற்காகவே சைக்கிள் ஓட்டியவுடன் இறங்கி ஓடிப் பழகுகிறோம். அதை பிரிக் பயிற்சி என்கிறார்கள். (தயவுசெய்து யாரும் இதற்குச் சொல் தேடவேண்டாம்.)

'மாற்றுக்களம்' என்று எழுதியிருந்தேன். அமைப்பாளர் பதறிப்போய் "இடத்தை மாற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

புணரியல் எழுதியது:

கேட்கத்தான் செய்வார். மாற்றுக்களம் என்றால் வேறு களம். 'மாறுகளம்' என்று எழுதுங்கள்: மாறிய, மாறுகிற, மாறும் களம். வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. வல்லினம் மிகாது, ஒற்றுப் போட்டுவிடாதீர்கள். நேரத்துக்கு 'மாறுநேரம்'. இடத்தையும் நேரத்தையும் ஒரே சொல்லால் குழப்பும் ஆங்கிலத்தைவிட இது தெளிவு.

கிள்ளான் ஆசிரியை எழுதியது:

இதை ஏற்கிறேன். மாறுநேரம் 1, மாறுநேரம் 2. பிள்ளைகளுக்குப் புரியும்.

காவிரிக்கரையான் எழுதியது:

மாறுகளத்துக்கு என் கையும் உயரட்டும். டிராஃப்டிங்குக்கு 'வால்பிடித்தல்' பொருத்தம். "வால்பிடித்தால் தண்டனை" என்று விதி இருந்தால் நாட்டுக்கே நல்லது.

வடமராட்சியான் எழுதியது:

பகிடி விடாதேங்கோ. மழைக்கு ஒதுங்குறம் எல்லோ, அதுமாதிரி காற்றுக்கு ஒதுங்குறது. 'காற்றொதுங்கல்' எண்டு போடலாம். ஆள் என்ன செய்யிறார் எண்டது அந்தச் சொல்லிலேயே இருக்குது.

ஓட்டக்கூத்தன் எழுதியது:

நல்ல சொல். ஆனால் சாலையோரம் அறிவிப்புப் பலகை வைக்கும்போது 'காற்று' உதிர்ந்துபோய் "இங்கே ஒதுங்கக் கூடாது" என்றுதான் நிற்கும். கடற்கரையில் அதைப் படிப்பவர்கள் போட்டியை நினைக்கமாட்டார்கள்.

கையேட்டை இன்று அனுப்பிவிட்டேன். பெயர் டூயத்லான், கீழே சிறிய எழுத்தில் 'ஓட்டம், சைக்கிள், ஓட்டம்'. மாறுகளமும் மாறுநேரமும் நம் குழுவின் உபயம். டிராஃப்டிங்குக்குச் சொல்லே வைக்கவில்லை. "முன்செல்லும் சைக்கிளுக்கு 10 மீட்டர் பின்னால் வாருங்கள், முந்துவதானால் தயங்காமல் முந்துங்கள்" என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன். பெரும்பாலோர் தனிமடலில் சரி என்றார்கள்.

புணரியல் எழுதியது:

நான் சரி என்று சொல்லவில்லை, பதிவாகட்டும். சைக்கிளை மிதிவண்டி என்றாவது ஆக்கியிருக்கலாம். தவிர, 'முந்துவதானால்' இருக்கும் வரியில் காற்புள்ளி போதாது, அரைப்புள்ளி வேண்டும்.